ஒரு ஸ்பேஸ் கூடுதலாகத் தட்டினேன்: கட்டளை வரியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

மெட்ரோவிலோ, டவுன் பஸ்ஸிலோ, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களில் பல பேர் வேலையிடத்தில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து அதில் எதையாவது தட்டுகிறவர்களாக இருப்பீர்கள். மற்றவர்கள், பக்கத்து சீட்டில் ஒருவர் அதைச் செய்வதைப் பார்த்து, "இவன் என்னமோ ஹேக் பண்றான் போல" என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அந்தத் திரையின் வரலாறு. டெர்மினல், கமாண்ட் லைன். தமிழில் முனையம், கட்டளை வரி.

உள்ளே போகும் முன்னாடி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரியில் நான் ஒரு சின்ன கட்டளை தட்டினேன். அதில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்துவிட்டது. அந்த ஒரு ஸ்பேஸில் என் அம்மாயியின் குரல் போய்விட்டது. ஏன் போச்சு என்று தேடிப் போனால், பதில் அறுபதுகளின் அமெரிக்காவில், நொடிக்குப் பத்து எழுத்து மட்டுமே அடிக்கத் தெரிந்த ஒரு இயந்திரத்தில் கிடைத்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷம் ஆச்சு.

மலைக்கு வந்த லேப்டாப்

எங்க ஊர் கிளியூர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் நாங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் அருவியாக விழுகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷம் கழித்தும் எங்க வீட்டில் சோறு வந்தது அந்தக் காப்பியிலிருந்துதான். அம்மாயி, அம்மா, இரண்டு பேருமே தோட்டத்தில் பழம் எடுத்தவர்கள்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்று, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் என்று இலக்கு. என் கைக்கு ஒன்று வந்தது 2013இல், பிளஸ் டூ படிக்கும்போது. நூறு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லாத ஊர்களில் திடீரென்று வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர். உலகத்தில் "ஹோம் கம்ப்யூட்டர்" என்ற பேச்சு 1977இல் ஆப்பிள் டூ, டிஆர்எஸ்-80, கமடோர் பெட் மூன்றும் கடைக்கு வந்தபோது ஆரம்பித்தது. எங்க தெருவுக்கு அது வந்து சேர 36 வருஷம் ஆனது.

அந்த லேப்டாப்களில் பலவற்றில் இரண்டு இயங்குதளம் இருக்கும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. மெனுவில் தமிழ் வரும். ஆனால் நாங்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. படம் பார்க்கணும், கேம் ஆடணும், அவ்வளவுதான்.

மூன்றே மாதத்தில் யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி என் விண்டோஸ் படுத்துவிட்டது. சேலத்துக்குக் கீழே இறங்கிக் காட்டணும், காசு கேட்பார்கள். வேறு வழியில்லாமல் ஆன் பண்ணும்போது இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். பாஸ் வந்தது. அதில் ஒரு மூலையில் அந்தக் கறுப்புத் திரை. திறந்தால் ஒரு டாலர் குறி. பக்கத்தில் மினுக் மினுக் என்று ஒரு கோடு. அது எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மாமாவின் டாஸ்

எங்க லைன் வீட்டுக்கு எதிரில், எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதின ஒரு மாமா இருந்தார். அந்தத் திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம டாஸ் மாதிரியே இருக்குதே கண்ணு!"

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி மாமாவின் தலைமுறையைப் பற்றிச் சொல்லணும். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் முதலில் வீட்டுக்கு வரவில்லை, கோயில் மாதிரி ஒரு கட்டடத்துக்குள் இருந்தது. 1973இல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அதனிடம் நேரடியாகப் பேச முடியாது. அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டு வரணும். விடை காகிதத்தில் பின்னால் வரும். ஒரு காற்புள்ளி தப்பினால் மறுபடியும் வரிசையில் நிற்கணும்.

1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கணினிக் கொள்கையைக் கொண்டுவந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதே காலத்தில் "கிளாஸ்" என்ற திட்டத்தில் நாடு முழுக்க சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் போயின. 32 கேபி நினைவகம். அதை ஆன் பண்ணினால் படமோ ஐகானோ வராது. ஒரு குறி வரும், நீங்கள்தான் தட்டணும். அந்தக் காலத்தில் ஹோம் கம்ப்யூட்டர் என்றாலே கட்டளை வரிதான்.

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சென்டர் போர்டு முளைத்தது. உங்க அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்க. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் போய், இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்று உட்கார்ந்திருப்பார்கள். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். எங்க மாமா 1992இல் சேலத்தில் அப்படி ஒரு சென்டரில் ஆறு மாசம் படித்தவர். டி-ஐ-ஆர் தட்டினால் பட்டியல் வரும், சி-டி தட்டினால் உள்ளே போகும், தப்பாகத் தட்டினால் "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்". இருபது வருஷம் கழித்தும் அவர் விரல் அதையெல்லாம் மறக்கவில்லை.

டாஸின் வம்சாவளி சுவாரசியமானது. 1974இல் கேரி கில்டால் என்பவர் சின்ன கம்ப்யூட்டர்களுக்காக சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். 1980இல் டிம் பேட்டர்சன் அதன் போக்கில் இன்னொன்றை எழுதினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. 1981 ஆகஸ்ட் 12இல் வெளியான ஐபிஎம் பிசியோடு அது டாஸ் ஆகி உலகம் சுற்றியது. இதன் இயல்பு என்ன? ஒரு ஆள், ஒரு மெஷின், முன்னால் ஒரு திரை. ஆபீஸ் கிளார்க்கும் மாணவரும் உபயோகிப்பது. அதனால் சில இடங்களில் அது உங்களைச் சந்தேகப்படும். எல்லாக் கோப்பையும் ஒரேயடியாக அழிக்கச் சொன்னால், "நிச்சயமா? ஒய் ஆர் என்?" என்று கேட்கும்.

அது மட்டுமில்லை. டாஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் மாற்றும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும் வரை. 1991இல் வந்த டாஸ் 5.0இல் மீட்பதற்கென்றே ஒரு கட்டளை வந்தது. மீட்கும்போது அது உங்களிடம் கேட்கும்: "இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன?" அதைச் சொன்னால் போதும், கோப்பு திரும்பி வரும்.

மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி லினக்ஸில் வேலை செய்தது, பாதி செய்யவில்லை. டாஸில் பின்சாய்வுக் கோடு, இங்கே முன்சாய்வு. அங்கே டி-ஐ-ஆர், இங்கே எல்-எஸ். கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் கற்றோம். வாரத்துக்கு நாலு கட்டளை என்று என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அழிப்பதற்கு ஆர்-எம். நட்சத்திரம் போட்டால் "எதுவாக இருந்தாலும்" என்று பொருள். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது மாமா ஒன்று சொன்னார்:

"பயப்படாத கண்ணு. எல்லாத்தையும் அழிக்கச் சொன்னா அதுவே ஒருக்கா கேக்கும்."

தை மாசத்து ராத்திரி

2013 டிசம்பரில் அம்மாயி பாடுவதை லேப்டாப் மைக்கில் பதிவு பண்ணினேன். பழம் எடுக்கும்போது பாடுகிறது, தாலாட்டு, ஒரு ஒப்பாரி. மொத்தம் ஏழு பாட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, ஏனென்றால் முதல் தடவை இருமல் வந்துவிடும். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். கடைசியில் ஒன்று அல்லது இரண்டு என்று எண். ஒன்று என்றால் இருமல் உள்ளது, இரண்டு என்றால் நல்லது.

பொங்கல் முடிந்த வாரம், இருமல் உள்ளதை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். மவுஸில் செய்திருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும், மறுநாள் எடுத்திருக்கலாம். ஆனால் கட்டளை கற்றவளின் மிதப்பு. முனையத்தைத் திறந்தேன். தமிழ்ப் பெயர்கள் அதில் குலைந்து தெரிந்தன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. சரி, பெயரைத் தட்டவே வேண்டாம், நட்சத்திரம் இருக்கே.

நான் தட்ட நினைத்தது: ஆர்-எம், ஒரு இடைவெளி, நட்சத்திரம், அதை ஒட்டியே "1 புள்ளி ஓஜிஜி". அதாவது, ஒன்று என்று முடிகிற எல்லாவற்றையும் நீக்கு. நான் தட்டியது: நட்சத்திரத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இன்னொரு இடைவெளி.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. "1 புள்ளி ஓஜிஜி" என்ற கோப்பை நீக்க முடியவில்லை, அப்படி ஒன்று இல்லை. நான் சிரித்தேன், ஏதோ எழுத்துப்பிழை, மறுபடி தட்டலாம் என்று. பிறகு எல்-எஸ் தட்டினேன். ஒன்றுமே இல்லை. பதினாலும் போயிருந்தது. இல்லாத ஒரு கோப்பைப் பற்றி மட்டும் அந்த மெஷின் என்னிடம் புகார் சொன்னது. அழித்த பதினாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாயியிடம் போய் அழுதேன். "இதுக்கா அழுவாங்க? தொண்டை கட்டிக்கிச்சு. சரியாவட்டும், திரும்பப் பாடறேன் கண்ணு" என்றார். மாசியில் அம்மாயி தவறிவிட்டார்.

அது ஏன் கேட்கவில்லை?

இப்போது வரலாற்றின் இன்னொரு கிளைக்குப் போகலாம். மாமாவின் டாஸ் ஒரு குடும்பம். என் லேப்டாப்பில் இருந்தது வேறு குடும்பம். அந்தக் குடும்பத்தின் வீட்டு வழக்கமே வேறு.

1961 நவம்பரில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். அட்டைக்கட்டு வரிசை வேண்டாம். பல பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே பெரிய கம்ப்யூட்டரோடு தட்டித் தட்டிப் பேசலாம். அங்கே வேலை செய்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஜான், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓடவிடும் "ரன்காம்" என்ற நிரலை எழுதினார். அடுத்து வந்த மல்டிக்ஸ் அமைப்புக்காக "ஷெல்" என்ற பெயரை வைத்ததும் அவர்தான். உங்களில் யாருக்காவது பாஷ்-ஆர்சி கோப்பைத் திருத்திப் பழக்கம் இருக்கா? அதில் வரும் "ஆர்சி", அந்த ரன்காமின் மிச்சம். அறுபது வருஷப் பழசு உங்க புது மேக்புக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அவர்கள் முன்னால் இருந்தது திரை இல்லை, டெலிடைப் மாடல் 33. தந்தி ஆபீஸ் மெஷின் மாதிரி. தட்டினால் காகித ரோலில் டக் டக் என்று அடிக்கும். வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. எண்பது எழுத்து வர எட்டு நொடி. விசையும் கெட்டி, அழுத்த விரல் வலிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரமும் சத்தமும் காகிதமும் செலவாகும் இடத்தில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்? அந்தக் காலத்துத் தந்தி மாதிரிதான். "அப்பா சீரியஸ் உடனே வா." லிஸ்ட் என்பது எல்-எஸ் ஆனது. ரிமூவ் என்பது ஆர்-எம். காப்பி என்பது சி-பி. பதிலும் அதே மாதிரிதான். வேலை ஒழுங்காக முடிந்தால் எதற்குச் செய்தி? தப்பு நடந்தால் மட்டும் சொல்லு. அவர்களுடைய எடிட்டரான ஈ-டி, நீங்கள் என்ன தப்பு செய்தாலும் ஒரே ஒரு கேள்விக்குறியை அடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மௌனம் என்றால் வெற்றி. இது காகிதத்தில் பிறந்த பழக்கம். காகிதம் போய், 1978இல் விடி100 மாதிரியான திரைகள் வந்து, அதுவும் போய் லேப்டாப் வந்த பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை. 1991இல் 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோது, 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் ஷெல்லைத்தான் அதில் முதலில் ஓட்டிப் பார்த்தார். அந்த ஷெல் வழியாக அந்த மௌனம் டெபியனுக்கு வந்தது, டெபியனிலிருந்து பாஸுக்கு வந்தது, பாஸிலிருந்து கிளியூருக்கு வந்தது. உலகத்தின் மிகச் சிறந்த நிரலாளர்கள் நாலு பேர் ஒரு அறையில் தங்களுக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் மடியில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம், அந்த நட்சத்திரம். ஆரம்பகால யூனிக்ஸில் இதற்கென்று "குளோப்" என்று தனி நிரலே இருந்தது. நீங்கள் நட்சத்திரம் போட்டால், அதற்குப் பொருந்தும் பெயர்களையெல்லாம் ஷெல் முதலில் விரித்து எழுதிவிடும். ஆர்-எம் கட்டளைக்கு நட்சத்திரம் கண்ணிலேயே படாது. அதன் கையில் போவது பதினாலு பெயர்கள் உள்ள ஒரு சீட்டு, கடைசியில் பதினைந்தாவதாக "1 புள்ளி ஓஜிஜி". "எல்லாவற்றையும்" என்று நான் சொன்னது அதற்குத் தெரியாது. அதனால் "எல்லாவற்றையுமா?" என்று கேட்க அதற்கு வழியில்லை. டாஸில் நட்சத்திரத்தை அழிக்கிற கட்டளையே நேரில் பார்க்கும். அதனால் கேட்டது. மாமா பொய் சொல்லவில்லை. அவர் வேறு குடும்பத்தின் வழக்கத்தைச் சொன்னார்.

ஆனால் இதே அமைப்பின் இன்னொரு முகத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1964லேயே டக் மக்கில்ராய், நிரல்களைத் தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி ஒன்றோடொன்று மாட்டவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். 1973இல் தாம்ப்சன் அதைச் செய்து முடித்தார். அதுதான் பைப், அந்த நெட்டுக்குத்துக் கோடு. எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் எங்க எஸ்டேட். பறித்த பழம் பல்ப்பரில் விழும், தோல் உரியும். கொட்டை தொட்டிக்குப் போகும், ஊறி வழவழப்பு நீங்கும். கழுவி, களத்தில் காய வைப்பார்கள். பல்ப்பருக்குக் காய வைக்கத் தெரியாது, களத்துக்குத் தோல் உரிக்கத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் செய்து அடுத்ததுக்குத் தள்ளிவிடும். இடையில் எந்த மெஷினாவது பேச்சுக் கொடுத்தால் அந்தப் பேச்சும் பழத்தோடு சேர்ந்து தொட்டியில் விழும். மௌனத்துக்கு இது இன்னொரு காரணம். அது முரட்டுத்தனமில்லை. ஆனால் அதைப் புதிதாக வருகிறவருக்கு யாராவது சொல்லணும்.

சொல்வதற்கு ஆள் இருந்தது, ஆங்கிலத்தில்

யாரும் சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. கிளியூரில் அப்போது எனக்கு இன்டர்நெட் கிடையாது. ஆனால் யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலிருந்து, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கப் பக்கம் மெஷினோடேயே வரும். மேன் பக்கங்கள். அதில் "பக்ஸ்" என்றே ஒரு பகுதி இருக்கும். எழுதியவர்களே தங்கள் கட்டளையின் குறைகளை ஒத்துக்கொள்ளும் இடம். நம் புலவர்கள் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், இங்கே கடைசியில் வரும்.

அம்மாயி போன பிறகுதான் அந்தப் பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஆர்-எம் பக்கத்தில் "ஐ" என்ற விருப்பத்தைக் கண்டேன். அதைச் சேர்த்துத் தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் கேட்கும். அழிப்பது பெயரை மட்டும்தான், உள்ளடக்கம் கொஞ்ச காலம் வட்டில் இருக்கலாம், மீட்க வாய்ப்பு உண்டு என்பதும் பிறகு புரிந்தது. ஆனால் அதற்குள் சித்தி பையன் கொண்டுவந்த படங்களை அந்த வட்டில் நிரப்பியிருந்தேன்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது எது தெரியுமா? தமிழில் சொல்லவும் ஆள் இருந்தார்கள். 2012 ஜனவரியிலேயே "கணியம்" மின்னிதழ் தொடங்கி, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தது. அங்கே து. நித்யா எளிய தமிழில் குனு/லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக விளக்கி எழுதினார், அது புத்தகமாகவும் வந்தது. யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில். 2007 முதல் முத்து அண்ணாமலை "எழில்" என்ற நிரல்மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதில் "பதிப்பி" என்று தமிழில் தட்டினால் திரையில் எழுத்து வரும். எல்லாம் இருந்தது. லட்சக்கணக்கில் லேப்டாப்பும் இருந்தது. மலைக்கு வந்த பெட்டிக்குள் அந்தப் புத்தகம் மட்டும் இல்லை. ஒரு பென் டிரைவில் அடங்கியிருக்கும்.

ஐந்தா, ஏழா, இருபத்திரண்டா?

சரி, என் தமிழ்ப் பெயர்கள் ஏன் குலைந்தன? இதை வீட்டில் செய்து பார்க்கலாம். லினக்ஸோ மேக்கோ இருந்தால் முனையத்தைத் திறந்து, எக்கோ கட்டளையில் "வணக்கம்" என்று கொடுத்து, பைப் போட்டு, டபிள்யூ-சி ஹைஃபன் சி என்று தட்டுங்கள். 22 என்று வரும். வணக்கம் என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். யூனிகோடுக்கு ஏழு, ஏனென்றால் புள்ளி தனிக் கணக்கு. ஒவ்வொன்றையும் சேமிக்க மூன்று பைட். மூவேழு இருபத்தொன்று, வரி முடிவுக்கு ஒன்று.

அந்த மூன்று பைட் முறைக்குப் பெயர் யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், மேஜைக் காகிதத்தில் அதை வரைந்தவர்கள் ராப் பைக்கும் கென் தாம்ப்சனும். ஆமாம், அதே தாம்ப்சன். என்னிடம் பேசாத ஷெல்லின் மூதாதையை எழுதியவர்தான், என் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கவும் வழி செய்தார்.

ஆனால் முனையம் என்பது கட்டம் போட்ட நோட்டு. எண்பது கட்டம் ஒரு வரிக்கு. அந்த எண்பதும் ஐபிஎம் துளை அட்டையிலிருந்து வந்த எண். ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பது அதன் கணக்கு. "கொ" எழுதினால் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. அது கட்டத்துக்குள் அடங்காது. ஆங்கில எழுத்துக்காக அடித்த கட்டத்தில் தமிழ் இன்றும் பல முனையங்களில் இடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

இங்கே "கட்டளை" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். உத்தரவு என்பது ஒரு பொருள்தான். உரைகல்லுக்கு வள்ளுவர் கட்டளைக்கல் என்கிறார். அபிராமி அந்தாதி வீட்டில் ஒலித்திருக்கும், அது கட்டளைக் கலித்துறை. அடி நேரசையில் தொடங்கினால் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு, புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக, கட்டளை என்றால் அளவு தப்பாதது. கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு இடைவெளி கூடினாலும் வேறு பொருள்.

இரண்டாம் சனிக்கிழமை

காலேஜுக்குச் சென்னை வந்த பிறகு, ஐஎல்யூஜி-சி என்ற லினக்ஸ் பயனர் குழு பற்றிக் கேள்விப்பட்டேன். 1998இலிருந்து இயங்குகிறது. அப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடியில் கூடுவார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். ஐபிஎம் 370க்கு அட்டைக்கட்டை ஜன்னலில் கொடுத்த அதே வளாகம். கூட்டம் முடிந்து, ஒரு அண்ணனிடம் தயங்கித் தயங்கி என் நட்சத்திரக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது எனக்கும் ஆகியிருக்கு. ஆபீஸ் சர்வர்ல" என்றார். பிறகு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். அழிக்கும் முன்னால் ஆர்-எம் இருக்கும் இடத்தில் எக்கோ என்று போட்டுத் தட்டு. நட்சத்திரம் எதையெல்லாம் பிடிக்கிறது என்று ஷெல் விரித்துக் காட்டும். பார்த்துவிட்டு, பிறகு அழி.

அன்றிலிருந்து இதை நான் மறந்ததில்லை. இப்போது என் வேலையே முனையத்தில்தான்.

குப்பைத் தொட்டி என்பது 1983இல் ஆப்பிள் லிசாவோடு திரைக்கு வந்த ஒரு கண்டுபிடிப்பு. அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை, ஆர்-எம் கட்டளைக்கு இன்றும் இல்லை. நீங்கள் இப்போது சாட்பாட்டிடம் தட்டிப் பேசுகிறீர்கள். மறுபடியும் ஒரு காலிக் கோடு, மினுக்கும் குறி, தட்டுகிற மனிதர். இது நன்றாகத் தமிழ் பேசுகிறது, "நிச்சயமா?" என்றும் கேட்கிறது. ஆனால் அதன் பின்னால் பல சமயம் ஓடுவது அதே பழைய ஷெல், அதே ஆர்-எம், அதே மௌனம். அது தட்டும் வரியைப் படிக்கத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமாவைப் பார்த்தேன். அவருக்கு இந்தக் கதையின் கடைசிப் பகுதியை, டாஸ் ஏன் கேட்டது, லினக்ஸ் ஏன் கேட்கவில்லை என்பதை, முதல் தடவையாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மாயி பாடினதுல ரெண்டு எனக்குத் தெரியும் கண்ணு. நான் பாடினா நல்லாருக்காது, ஆனா வார்த்தை சரியா இருக்கும்" என்றார். போனில் பதிவு பண்ணினேன். மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன்.

உங்க வீட்டில் பாடுகிறவர்கள் இருந்தால் இந்த வாரமே பதிவு பண்ணுங்க. பெயரைத் தமிழிலேயே வையுங்க. அழிப்பதற்கு முன்னால் எக்கோ.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.